அதைப் பற்றி நான் பேசக் கூடாது, அண்ணி

நன்னெறித் தாளில் ஒருத்தி இரண்டு தடவை தோற்றாள் என்று கேள்விப்பட்டால், ஆள் கொஞ்சம் ஒரு மாதிரிதான் போலிருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அட்டவணை அக்காவைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "உங்களுக்குக் காத்து வேணுமா?" என்று கேட்கிற பிறவி அது. அவள் தோற்றதே அந்தக் குணத்தால்தான்.

அவள் வேலை பார்த்தது ஒரு முதலீட்டு நிறுவனத்தில். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று அறிக்கை எழுதுகிறவர்கள் அங்கே ஆய்வாளர்கள். அவர்களுக்காகக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் பிரித்து, எண்களை எல்லாம் பொறுக்கி எடுத்து அட்டவணை போட்டுக் கொடுப்பது இவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஆய்வாளர் ஆக வேண்டுமென்றால் தொழில்முறைப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். வட்டி, மதிப்பீடு, கணக்கியல் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நன்னெறித் தாள்தான் காலை வாரிவிட்டது. அதில் வருகிற கேள்விகள் எல்லாம் குட்டிக் கதைகள். ஒரு ஆள், ஒரு கம்பெனி, ஒரு சபலம். அவர் விதியை மீறினாரா இல்லையா, கீழே உள்ள மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு. அக்கா அதை விதியாகப் படிக்கவில்லை, கதையாகவே படித்தாள். மைத்துனன் நொடித்துப்போகக் கூடாதே என்று கம்பெனி ரகசியத்தைச் சொல்லிவிட்ட ஒருவர். பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை என்று வாடிக்கையாளர் செலவில் உல்லாசப் பயணம் போன ஒரு பெண்மணி. இவர்கள் பக்கத்தில் எல்லாம் பென்சிலால் "பாவம்" என்று எழுதி வைத்திருந்தாள். "பாவம்" என்று எழுதிய கை எப்படி "மீறினார்" என்று குறிக்கும்? எல்லாருக்கும் விடுதலை கொடுத்துவிட்டு அவள் மட்டும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் முறைக்குப் பணம் கட்டியபோது துறைத்தலைவர் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"ஜன்னல் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு. பாஸ் பண்ணுங்க, அது உங்களோடது. இந்தத் தடவையும் இல்லேன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துருவாங்க. இதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாதும்மா."

நாற்காலி ஒன்றும் தங்கத்தில் செய்ததல்ல. ஒரு கைப்பிடி ஆடும். ஆனால் அதில் உட்கார்ந்தவர் எழுதும் அறிக்கையின் அடியில் அவர் பெயர் அச்சாகும். மற்றவர்கள் பெயருக்கு மேலேயே இத்தனை காலமும் அட்டவணை போட்டவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று நான் விளக்கத் தேவையில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளை எல்லாம் ஓட வைத்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருகிறவன். மனைவி புத்தகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்படி என்னதான் கேக்கறாங்க? படி, நாங்களும் கேக்கறோம்" என்றான். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் கதை சொன்னாள். அன்று ஆரம்பித்தது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை நீதிமன்றம்.

நீதிபதி நாத்தனார். கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி வீட்டில்தான் இரவுச் சாப்பாடு. ஓய்வு நேரத்தில் கைபேசியில் பங்கு வாங்கி விற்பாள். கடைக்குப் புதிதாக ஒரு கண் பரிசோதனை இயந்திரம் வாங்க வேண்டுமென்பது அவள் கனவு. நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதால் அவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. தம்பி சின்ன வயதில் ஒரே ஒரு சிகரெட் குடித்ததை அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்தவள்.

"மூணு விடையா? சரி. முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று கடையில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிற அதே குரலில் கேட்பாள்.

"மைத்துனன்கிட்டதானே சொன்னாரு? அதுல என்ன தப்பு?" என்பான் கணவன்.

"பாவம்தாங்க" என்று அக்கா ஆரம்பிப்பாள்.

"பாவத்த விடும்மா" என்று நாத்தனார் வெட்டுவாள். "அந்தப் பங்க அன்னைக்கு அந்த மைத்துனன்கிட்டேருந்து ஒருத்தன் வாங்கியிருப்பான்ல? அவனும் பிள்ளகுட்டிக்காரன்தான். அவனுக்கு யாரு பாவம் பாக்கறது?"

அக்காவுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். ஒவ்வொரு கதையிலும் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு ஆள் நிற்கிறார், அவருக்குக் கேள்வியில் பெயர்கூட இல்லை. அவளுடைய இரக்கம் எங்கும் போய்விடவில்லை, பெயரில்லாத அந்த ஆள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. "பாவம்" என்று எழுதியதை எல்லாம் அழிப்பானால் அழித்தாள்.

வீடே களைகட்டியது. கேள்வியில் வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். "அந்த உளறுவாயர்", "கடலுக்குப் போனவங்க" என்று பேர் வைத்து, போன வாரம் கல்யாணத்தில் பார்த்தவர்களைப் போல வம்பு பேசினார்கள். வெளியே தெரியாத விஷயம் காதில் விழுந்தால் அதைச் சொல்லவும் கூடாது, அதை வைத்துப் பங்கு வாங்கவோ விற்கவோ கூடாது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அக்கா மாதிரித் தேர்வுகளில் நன்றாக மேலே ஏறினாள். அவ்வளவு நிம்மதியாக அவள் எந்தப் பரீட்சைக்கும் படித்ததில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அது நடந்தது. நடந்தது என்று சொல்வதற்குக்கூட ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏம்மா, இந்த சைக்கிள் கம்பெனி எப்படி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நாங்க அதப் பாக்கறதில்ல."

"பிஸ்கட் கம்பெனி?"

"அதுவும் தெரியாது அண்ணி."

"என்கிட்ட இருக்கே, அந்த பெயிண்ட் கம்பெனி?"

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. பெயிண்ட் கம்பெனியின் அட்டவணையை அன்று மத்தியானம்தான் அவள் முடித்துக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் "விற்கலாம்" என்று அறிக்கை எழுத ஆரம்பித்திருந்தார். பழைய அக்காவாக இருந்தால் "தெரியாது" என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பாள், இல்லை பாவம் பார்த்து உண்மையையே சொல்லியிருப்பாள். இப்போது இருந்ததோ படித்த அக்கா. பொய்யும் கூடாது, உண்மையும் கூடாது. புத்தகத்தில் போட்டிருக்கும் விடையை அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

"அதப் பத்தி நான் பேசக் கூடாது, அண்ணி."

நாத்தனார் தலையாட்டிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். பேச்சு மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தாவியது.

அந்த வெள்ளிக்கிழமை அறிக்கை வெளிவந்தது. பெயிண்ட் கம்பெனிப் பங்கு மளமளவென்று இறங்கியது. அன்று சாயங்காலம் நாத்தனார் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடையை அடைத்துவிட்டு மேலே வந்தாள். கையில் ஒரு புதுக் கண்ணாடிக் கூடு. உள்ளே மெல்லிய பழுப்பு நிறச் சட்டம் போட்ட கண்ணாடி, கடையிலேயே உயர்ந்த ரகம்.

"உனக்குத்தான். அந்தப் பழசு மூக்குல இறங்கிக்கிட்டே இருக்கு. பரீட்சைக்கு இத மாட்டிக்க."

"எதுக்கு அண்ணி இவ்வளவு?"

"வச்சுக்கம்மா. பெயிண்ட மறுநாளே வித்துட்டேன்." நாத்தனார் தணிந்த குரலில் சொன்னாள். "நீ ஒண்ணுமே சொல்லல. யார் கேட்டாலும் சொல்வேன், நீ ஒண்ணுமே சொல்லல. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றவ, இதுக்கு மட்டும் பேசக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? தினமும் உன்கூட உக்காந்து நானும்தானே படிக்கறேன்."

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அத்தை, இது மூணாவது பாடத்துக் கேள்வி மாதிரியே இருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. சொன்னது சரியான விடை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சரியான விடையைச் சொல்லியே ரகசியம் வெளியே போய்விட்டது. விஷயம் தெரியாத வீட்டில் அது வெறும் மறுப்பு. கூடவே உட்கார்ந்து படித்த வீட்டில் அது தமுக்கு அடித்ததற்குச் சமம். இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

"நீ சரியாத்தானே சொன்ன?" என்று கணவன் திரும்பத் திரும்பக் கேட்டான். "விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"அண்ணிகிட்டேருந்து அத வாங்கினவங்க இருப்பாங்கல்ல" என்றாள் அக்கா.

அந்த வாதத்தைக் கண்டுபிடித்ததே நாத்தனார்தானே.

அலுவலகத்தில் விதிமுறைகளைக் கவனிக்க ஒரு அதிகாரி இருந்தார். எல்லாரும் அவரை "செக்போஸ்ட்" என்பார்கள். எதுவும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவரிடம் போய்ச் சொன்னால், அவர் இதை மீறல் என்று எழுதிவிட்டால், பரீட்சையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். முதலில் நாத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை என்று கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு கீழே கடைக்கு இறங்கினாள்.

"நீ வாயே திறக்கலையே. எதுக்குப் போய் மாட்டிக்கற?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "என்னையும் சேத்து மாட்டி விடுற?"

"நான் வாயத் திறக்கல அண்ணி. ஆனா விஷயம் வெளிய போயிருச்சே."

"பரீட்சைக்குப் படிக்கப் போயி உனக்குப் புத்தி கெட்டுருச்சு. கேள்வியில வர்றவங்கள வச்சு எனக்குத் தீர்ப்புச் சொல்லுவியா? நான் உன் நாத்தனார்."

"அதனாலதான் அண்ணி முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

அக்கா கூட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். நாத்தனார் அதைத் தொடவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே பளபளவென்று இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். படியேறும்போது அக்காவுக்கு அழுகை வந்தது. மூன்றாம் மாடி அவ்வளவு உயரமாக அதற்கு முன் இருந்ததே இல்லை.

செக்போஸ்ட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சைக்கிள் கம்பெனிக்கு என்ன சொன்னீர்கள், பிஸ்கட் கம்பெனிக்கு என்ன சொன்னீர்கள் என்று வார்த்தை வார்த்தையாக விசாரித்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். கதவுக்கு வெளியே அவர் சிரித்தது கேட்டது. திரும்பி வந்தபோது முகம் மறுபடியும் செக்போஸ்ட்டாக இருந்தது.

"உங்க நாத்தனார வரச் சொல்லுங்க."

வரமாட்டாள் என்றுதான் அக்கா நினைத்தாள். நாத்தனார் வந்தாள். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு, வில்லை துடைக்கிற துணி தோளிலேயே கிடக்க, விறைப்பாக வந்து உட்கார்ந்தாள். வந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள்: "இவ ஒண்ணுமே சொல்லல. நான் இவ முகத்தப் படிச்சேன். முகத்தப் படிக்கறது என் தொழில். தப்புன்னா என்மேல எழுதுங்க."

செக்போஸ்ட் அக்காமேல் மீறல் எழுதவில்லை. தானாக வந்து சொன்னதைக் குறித்துக்கொண்டார். குடும்பத்தார் பங்குக் கணக்குகள் இனி அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றார். முன்கூட்டியே விற்றதால் நாத்தனாருக்கு மிச்சமான பணம் அவளிடம் தங்கக் கூடாது, ஏதாவது தர்ம காரியத்துக்குப் போக வேண்டும் என்றார்.

பரிசோதனை இயந்திரம் இன்னும் தள்ளிப்போகிறது என்பது நாத்தனார் முகத்தில் தெரிந்தது. "சரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்துருங்க" என்றாள். பிறகு, "நம்ம கடையிலேயே வாங்கிக்கலாம், நல்ல ரகம் இருக்கு" என்றாள்.

செக்போஸ்ட் அக்காவைப் பார்த்தார். அக்கா மெதுவாக, "அது சுயலாபம் ஆயிரும் அண்ணி" என்றாள்.

"ஆமால்ல" என்றாள் நாத்தனார். அதோடு எழுந்து போனாள்.

அக்கா கிளம்பும்போது செக்போஸ்ட் அவளிடம் ஒன்று சொன்னார். "இனிமே வீட்ல எந்தக் கம்பெனியைப் பத்திக் கேட்டாலும் ஒரே பதில். தெரிஞ்சாலும் சரி, தெரியலேன்னாலும் சரி. சோப்புக் கம்பெனியா இருந்தாலும் சரி."

அதற்குப் பிறகு நாத்தனார் சாப்பிட மேலே வரவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். தம்பி கீழே இறங்கிப் போய்க் கெஞ்சிப் பார்த்தான், அசையவில்லை. மகள்தான் தினமும் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நீதிமன்றம் நீதிபதி இல்லாமல் நடந்தது. கணவன் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுப் பார்த்தான், சுவைக்கவில்லை.

பரீட்சை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள். "அம்மா, பெயிண்ட் மாதிரிக் கேள்வி ஏதாவது வந்துச்சா?"

"அதப் பத்தி நான் பேசக் கூடாது." கேள்வித்தாளில் வந்ததை வெளியே சொல்லக் கூடாதென்பதும் அந்தப் பரீட்சையின் விதி.

"உளறுவாயர் வந்தாரா?"

"அதப் பத்தி நான் பேசக் கூடாது."

"டீயாவது குடிக்கிறியா?" என்றான் கணவன்.

"அதப் பத்திப் பேசலாம்" என்றாள் அக்கா. மூவரும் சிரித்தார்கள். ஆனால் நாலாவது நாற்காலி காலியாகவே இருந்தது. ஜன்னலோர நாற்காலியைவிட அந்த நாற்காலிதான் அவளை அரித்தது.

முடிவு ஒரு சனிக்கிழமை காலையில் கைபேசிக்கு வந்தது. கணவனும் மகளும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்க நின்றார்கள். அக்கா அதைத் திறக்கவில்லை. கைபேசியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கினாள்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. நாத்தனார் ஒரு சட்டத்தின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிவு வந்துருக்கு அண்ணி. என்னால பாக்க முடியல. நீங்க பாருங்க."

"என்னையா பாக்கச் சொல்ற? தம்பி இல்லையா மேல?"

"நீங்கதான் எனக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தீங்க. அந்தப் பேரில்லாத ஆளக் காட்டினது நீங்கதான்."

நாத்தனார் திருப்புளியைக் கீழே வைத்தாள். கைபேசியை வாங்கி, தன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு திறந்தாள். படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் படிக்கும் வித்தை அவளுக்கு எப்போதுமே வந்ததில்லை.

"என்ன அண்ணி?"

"அதப் பத்தி நான் பேசக் கூடாது" என்றாள் நாத்தனார்.

சொல்லிவிட்டு மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள். இருந்த இடம் தெரிந்துதான் துழாவினாள், நிமிர்ந்தால் கண் காட்டிக் கொடுத்துவிடும் என்று. அந்தப் பழுப்பு நிறச் சட்டம் இருந்த கண்ணாடிக் கூடு வெளியே வந்தது. இத்தனை நாளும் யாருக்கும் விற்காமல் அங்கேதான் இருந்திருக்கிறது.

"இப்ப இத வாங்கிக்கலாமா? இல்ல, உங்க செக்போஸ்ட்கிட்ட ஒரு வார்த்த கேக்கணுமா?"

தான் பாஸ் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பழைய கண்ணாடியைக் கழற்றினாள், அது ஏற்கெனவே நனைந்திருந்தது. நாத்தனார் மேசையைச் சுற்றி வந்து புதியதை அவள் காதுகளில் மாட்டினாள். மூக்கில் சரியாக உட்கார்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"தெளிவா இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"அப்ப வா, மேல போகலாம். எனக்கும் பசிக்குது" என்று நாத்தனார் கடையின் ஷட்டரை இழுத்து இறக்கினாள்.